கல்லூரியில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நாள்: குப்பை பிஆர் குவியாமல் நடத்துவது எப்படி?

மூன்றாமாண்டு_ஐடி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையின் நிரலாக்க மன்றத்துக்கு இந்த ஆண்டு நான்தான் ஒருங்கிணைப்பாளர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டை (ஆண்டுதோறும் அக்டோபரில் இணையவழியில் நடக்கும் பங்களிப்புத் திருவிழா) ஒட்டி, கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கும் நாள் ஒன்றை நடத்த அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆய்வகத்தில் 60 கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு. பெயர் கொடுத்தவர்கள் 80 பேர். பாதிப்பேர் இரண்டாமாண்டு, கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) என்றால் என்னவென்று வகுப்பில் கேட்டதோடு சரி.

என் கவலை இதுதான். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த இதேபோன்ற நாளுக்கு நான் போயிருந்தேன். எல்லோரும் ஒரே ரெப்போவில் (ஒரு திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) ரீட்மி என்ற அறிமுகக் கோப்பைத் திறந்து, தங்கள் பெயரைச் சேர்த்து, பிஆர் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினோம். மாலையில் சான்றிதழ் கிடைத்தது, குழுப்படம் எடுத்தோம். அங்கே வந்திருந்தவர்களில் அதன்பிறகு எந்தத் திட்டத்துக்காவது ஏதாவது அனுப்பியவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. எங்கள் நாளும் அப்படி முடிந்துவிடக் கூடாது.

துறைத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை பிஆர் வரும்?" கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான அங்கீகாரக் கோப்பில் ஒரு எண்ணை எழுத வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் மேலே கேட்கிறார்கள்.

எந்தத் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது? ஒரே நாளில் புதியவர்களால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? பரிசு வைக்கலாமா? நிரல் எழுதத் தயங்குபவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? முன்பே நடத்தியவர்கள், அல்லது பராமரிப்பாளராக, அதாவது வரும் பிஆர்களைப் பார்த்து ஏற்பவராக, அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பைதான்_பராமரிப்பு:

நான் அந்தப் பக்கம் இருப்பவள். அட்டவணைத் தரவுக் கோப்புகளைப் படித்துச் சுத்தம் செய்யும் ஒரு சிறிய பைதான் நூலகத்தைப் பராமரிக்கிறேன். பகலில் சென்னையில் அலுவலக வேலை. இரவுச் சாப்பாடு முடிந்து மகள் தூங்கியபிறகுதான் நூலகத்துக்கு நேரம். பல திட்டங்களின் பின்னால் இப்படி ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். அதனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: 80 பேர் அனுப்புவதை யார் படிப்பார்கள்?

ஒரு புதியவரின் பிஆரை ஒழுங்காகப் பார்க்க அரை மணி நேரமாவது ஆகும். மாற்றத்தைப் படிக்க வேண்டும், இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும், சோதனைகள் தேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம், எதை மாற்ற வேண்டும் என்பதை அவர் மனம் சுருங்காதபடி எழுத வேண்டும். எனக்கு அதிக நேரம் பிடிப்பது இந்தக் கடைசி வேலைதான். 80 பிஆர் என்றால் 40 மணி நேரம். உங்கள் ஒரு சனிக்கிழமை எனக்குப் பல வார இரவுகள். அதனால் நிகழ்ச்சியின் அளவை மதிப்பாய்வு செய்பவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். ஆய்வகத்தில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்பது இரண்டாம் கணக்கு.

இதைக் கணக்கில் கொள்ளாததால் என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது. ஹேக்டோபர்ஃபெஸ்ட்டை டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது. அக்டோபருக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்களித்தால் டி-ஷர்ட். நல்ல எண்ணம், பல ஆண்டுகள் நன்றாகவே போனது. 2020இல் நான்கு பிஆர் அனுப்பினால் போதும், முதல் 70,000 பேருக்குப் பரிசு என்றார்கள். அப்போது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்த எந்தப் பொது ரெப்போவுக்கு அனுப்பினாலும் கணக்கில் சேரும். அதன் உரிமையாளரை யாரும் கேட்கவில்லை. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு யூடியூப் சேனல், யாரோ ஒருவருடைய ரீட்மியில் இரண்டு சொற்களைச் சேர்த்து பிஆர் அனுப்பும் முறையைக் காட்டியது. அக்டோபர் 1 அன்று பராமரிப்பாளர்களின் அஞ்சல்பெட்டி நிரம்பி வழிந்தது. வலைப்பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லின் தர வரையறை இருக்கும் ரெப்போவையும் விடவில்லை. அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான டொமெனிக் டெனிகோலா, இந்த நிகழ்ச்சி திறமூலத்தைக் காயப்படுத்துகிறது என்று வெளிப்படையாக எழுதினார். அக்டோபர் 3ஆம் தேதியே விதியை மாற்றிவிட்டார்கள். பராமரிப்பாளர் தன் ரெப்போவில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற குறிச்சொல்லைத் தானே போட்டிருக்க வேண்டும், வந்த பிஆரை அவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். அப்போதுதான் அது கணக்கில் வரும். பின்னர் வந்த ஆண்டுகளில், இரண்டு பிஆர் ஸ்பாம் என்று குறிக்கப்பட்டால் பங்கேற்பாளரையே நீக்கிவிடுவார்கள் என்ற விதியும் சேர்ந்தது. இதை உங்கள் இரண்டாமாண்டு மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற வலைநிரல் கட்டமைப்பின் ரெப்போவுக்கும் இதே கதி வந்தது. அப்போது டி-ஷர்ட்டும் இல்லை, அக்டோபரும் இல்லை. ஒரு பாடக் காணொளி அந்த ரெப்போவை உதாரணமாகக் காட்டியது, பார்த்தவர்கள் அதையே செய்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். பயிற்சி செய்ய வேறு இடத்தைக் காட்டியிருக்க வேண்டியவர் சொல்லிக்கொடுத்தவர்தான்.

சரி, என்ன செய்யலாம்? திட்டத்தை அதன் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதில் வரும் இடமாகப் பாருங்கள். ஒரு ரெப்போவில் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் மூடப்பட்ட பிஆர்களைத் திறந்து, முதன்முறை வந்தவர்களுக்கு எத்தனை நாளில் பதில் போயிருக்கிறது, எந்தத் தொனியில் போயிருக்கிறது என்று படியுங்கள். பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டிக் கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அந்தப் பராமரிப்பாளருக்கே எழுதி, "அன்று காலை முதல் மாலை வரை எங்களோடு இருப்பீர்களா?" என்று கேளுங்கள். நேரில் வந்தால் நல்லது, காணொளி அழைப்பில் இருந்தாலும் போதும். ஒப்புக்கொள்பவர்களின் திட்டங்கள் மட்டும்தான் உங்கள் பட்டியல். மூன்று கிடைத்தால் மூன்று. தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன்-தமிழ் மாதிரியான பைதான் நூலகங்களைப் பாருங்கள். உங்கள் மாணவர்களுக்கு மொழி தெரியும் என்பதே பெரிய பலம். சென்னைப் பைதான் பயனர் குழுவான சென்னைப்பையின் கூட்டங்களுக்கு வருபவர்களில் சிறிய திட்டங்களை நடத்துபவர்கள் உண்டு, அங்கேயும் கேட்கலாம்.

பராமரிப்பாளர் அன்று கூட இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து கிட்ஹப்பில், ஒரு ரெப்போவுக்கு முதன்முறையாகப் பங்களிப்பவரின் பிஆரில் தானியங்கிச் சோதனைகள் தாமாக ஓடுவதில்லை. கிரிப்டோ நாணயம் தோண்ட, சோதனை ஓடும் கிட்ஹப் கணினிகளைச் சிலர் பயன்படுத்தியதால் வந்த கட்டுப்பாடு அது. பராமரிப்பாளர் ஒரு பொத்தானை அழுத்திய பிறகே சோதனை தொடங்கும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் உங்கள் மாணவர் அனுப்பிய பிஆர் மஞ்சள் புள்ளியோடு அப்படியே நிற்கும். மாலைவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை மறுபடி வராது.

அடுத்தது இஷ்யூ, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையை விவரிக்கும் பதிவு. நிகழ்ச்சியின் தரத்தில் பாதி இதிலேயே இருக்கிறது. "ஆவணத்தை மேம்படுத்துக" என்று ஒரு வரி இருந்தால் அதற்குக் குப்பைதான் வரும். புதியவருக்கான இஷ்யூவில் வழுவை (நிரல் பிழையை) எப்படி வரவழைப்பது, இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், எந்தக் கோப்பில் தேட வேண்டும், எந்தச் சோதனையைப் பார்த்து எழுதலாம், இவ்வளவும் இருக்க வேண்டும். ஒன்றை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். நானே சரிசெய்தால் பத்து நிமிடம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் திட்டத்துக்கு ஒரு ஆள் கிடைக்கலாம்.

என் திட்டத்திலிருந்தே ஓர் உதாரணம். எக்செல்லில் சேமித்த சில சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகளின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கும். எங்கள் நூலகம் அதையும் முதல் நெடுவரிசையின் பெயரோடு சேர்த்துப் படித்துவிடும். திரையில் பெயர் சரியாகத் தெரியும், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. இதை ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்காகவே சரிசெய்யாமல் வைத்திருந்தேன். வழு வரும் மூன்று வரிக் கோப்பு ஒன்றை இஷ்யூவோடு இணைத்து, முதலில் தோற்கும் சோதனையை எழுதச் சொல்லியிருந்தேன். எடுத்துக்கொண்ட மாணவி மதியம்வரை அந்தச் சோதனையிலேயே இருந்தார். கோப்பைப் பைட்டு பைட்டாக அச்சிட்டு அந்தக் குறியை அவரே கண்டுபிடித்தபோது பக்கத்தில் இருந்த நான்கு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். திருத்தம் ஒரே வரி. மாலை நான்கு மணிக்கு அதை மெர்ஜ் செய்து திட்டத்தில் சேர்த்தேன். தீபாவளி விடுமுறையில் வேறொரு குறியாக்கச் சிக்கலைப் பற்றி வீட்டிலிருந்து அவரே இஷ்யூ திறந்தார். இன்று புதியவர்களின் பிஆர்களை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

80 பேரை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் இணை ஆசிரியர் வரியைச் சேர்த்தால் கிட்ஹப் இருவருக்கும் பெயர் கொடுக்கும். பிஆர் பாதியாகும், பேச்சு இரட்டிப்பாகும்.

ஆய்வகப்_பொறுப்பு:

நல்ல கேள்விம்மா. மதுரையில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு உங்களைத் தடுத்து நிறுத்துவது வேறு விஷயம்.

முதலாவது, கடவுச்சொல். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கிட்ஹப் கணக்கின் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் (கிட்ஹப் உருவாக்கித் தரும் மாற்றுக் குறி) வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் சாவி (கணினியில் வைக்கும் மறையாக்கச் சாவிக் கோப்பு) வேண்டும். பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டி, கணக்கு பூட்டிக்கொண்டதோ என்று பயந்துவிடுவார்கள். முந்தைய வாரமே, மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணக்கு, இரண்டடுக்குப் பாதுகாப்பு, சாவி மூன்றையும் முடித்துவிடுங்கள். அந்த நாளிலேயே செய்யலாம் என்று விட்டால் மதியம்வரை அதுதான் நடக்கும்.

எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழக்கமாக 22ஆம் போர்ட்டில் (வலையமைப்பு வாயில்) போகும். கல்லூரி ஃபயர்வால்கள் பலவற்றில் அது மூடியிருக்கும். கிட்ஹப் அதையே 443ஆம் போர்ட்டிலும் தருகிறது. எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் இரண்டு மூன்று வரி சேர்த்தால் போதும். எல்லாக் கணினியிலும் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

பொது ஆய்வகக் கணினி என்பதால் முன்பு உட்கார்ந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் கிட் அமைப்பில் இருக்கும். பார்க்காமல் விட்டால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் பதிவாகும். வேலை முடிந்து எழும்போது அதையும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் அழிக்கச் சொல்லுங்கள். சாவியைப் பொதுக் கணினியில் விட்டுவிட்டுப் போவது வீட்டுச் சாவியைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போவது மாதிரி.

இணையம். 60 கணினிகளும் ஒரே நேரத்தில் ஒரே தொகுப்புகளை இறக்கினால் எந்தக் கல்லூரி இணைப்பும் தாங்காது. தேவையான பைதான் தொகுப்புகளை ஒரு கணினியில் இறக்கி, உள் வலையமைப்பில் ஒரு கோப்புறையாக வைத்து, பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் அங்கிருந்தே எடுக்கும்படி செய்யலாம். ரெப்போ பெரிதாக இருந்தால் முழு வரலாற்றையும் இழுக்காமல் டெப்த் 1 என்று போட்டுக் கடைசி நிலையை மட்டும் எடுங்கள். இன்னொன்று: உள்நுழையாமல் கிட்ஹப்பின் ஏபிஐயை (கருவிகள் அதனிடம் தகவல் கேட்கும் வழி) அழைத்தால் ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 60 முறைதான் அனுமதி. கல்லூரி முழுவதும் ஒரே ஐபியில் வெளியே போகிறது என்றால் சில கருவிகள் காரணமே தெரியாமல் நின்றுவிடும்.

பராமரிப்பாளர்கள் மூவர் என்று முடிவானதும், அந்த மூன்று திட்டங்களையும் முந்தைய நாள் ஓர் ஆய்வகக் கணினியில் நிறுவி, சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் அது உங்கள் முதல் இஷ்யூ. நிறுவல் வழிகாட்டியில் எந்த வரி பழையதாகிவிட்டது என்று எழுதி அனுப்பினால் அதுவே உண்மையான பங்களிப்பு.

டிஷர்ட்_வாங்கியவன்:

நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். 2019இல் நான் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டுக்குப் போனது டி-ஷர்ட்டுக்காகத்தான். ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அமெரிக்காவிலிருந்து என் பெயருக்கு ஒரு பொட்டலம் வரும் என்பதே அப்போது பெரிய விஷயம். அஞ்சல்காரர் கொண்டுவந்தபோது அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினார். என் நான்கு பிஆர்களில் இரண்டு எழுத்துப்பிழைத் திருத்தம். இன்று வேலையில் இருக்கிறேன் என்றால் தொடக்கம் அங்கேதான்.

எழுத்துப்பிழைத் திருத்தத்தைக் கேவலமாகப் பேசாதீர்கள். ஃபோர்க் (சொந்த நகல் எடுப்பது), கிளை, கமிட், பிஆர் என்ற வரிசை ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் பயம் போய்விடும். அந்தப் பயம்தான் எங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்தியது. முதலிலேயே பைட்டு பைட்டாகப் பார்க்கச் சொன்னால் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள்.

2023இல் அவர்கள் டி-ஷர்ட்டை நிறுத்திவிட்டு டிஜிட்டல் பேட்ஜ் கொடுத்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பரிசு வையுங்கள் என்றே சொல்வேன். முதல் பிஆர் யாருடையது என்பதற்கு வேண்டாம். நல்ல வழு அறிக்கைக்கு, பக்கத்தில் இருந்தவருக்கு உதவியவருக்கு என்று வையுங்கள்.

பைதான்_பராமரிப்பு:

தம்பி, உங்கள் அம்மா பொட்டலத்தைக் காட்டியதைப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. எழுத்துப்பிழைத் திருத்தம் எனக்கு வேண்டும். ஆவணத்தைப் படித்து, தடுமாறி, அந்த இடத்தைத் திருத்தி அனுப்புகிறவர் என் வாசகர். பிழையே இல்லாத வரியில் ஒரு பெயரடையைச் சேர்த்து அனுப்புவதுதான் பிரச்சினை. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்டினால் போதும், உடனே புரிந்துகொள்வார்கள்.

பயம் போக வேண்டும் என்பதும் சரி. அதற்கு மன்றத்தின் பெயரிலேயே ஒரு ரெப்போ தொடங்குங்கள். காலை முதல் ஒன்றரை மணி நேரம் அங்கே விளையாடட்டும். வேண்டுமென்றே இரண்டு பேரை ஒரே வரியை மாற்றச் சொல்லி, மோதலை உண்டாக்கி, தீர்க்கச் சொல்லுங்கள். நாலு தடவை உடையட்டும். மெர்ஜ் செய்பவர் மூன்றாமாண்டு மாணவராக இருக்கட்டும். மதிப்பாய்வு என்றால் என்ன என்பது அவருக்கும் தெரியவரும். அதன்பிறகு வெளித்திட்டத்துக்குப் போகலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை எழுதித் தந்ததைப் படிக்காமல் அப்படியே அனுப்பும் பழக்கம் பரவியிருக்கிறது. தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படி வரும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்று 2024 சனவரியிலேயே எழுதினார். நான் தடை போடுவதில்லை. ஒரே ஒரு விதிதான்: நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று நான் கேட்டால் உங்கள் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும்.

வெப்லேட்_தமிழ்:

நிரல் எழுதாதவர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மென்பொருள் இடைமுகங்களைத் தமிழாக்கும் குழுக்களில் இருக்கிறேன். உலாவி போதும், வெப்லேட், மொசில்லாவின் பான்டூன் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் கணக்குத் தொடங்கி அன்றே வேலையில் இறங்கலாம். ஆனால் பராமரிப்பு அக்கா சொன்ன கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். பான்டூனில் புதியவர் தருவது பரிந்துரையாகத்தான் நிற்கும். அனுமதி உள்ள ஒருவர் பார்த்து ஏற்ற பிறகே ஃபயர்பாக்ஸுக்குப் போகும். ஒரு மாலையில் ஆயிரம் பரிந்துரைகளைக் குவித்துவிட்டுப் போனால் தமிழ்க் குழுவில் இருக்கும் சிலர் மாதக்கணக்கில் அதையே பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே குழுவுக்கு முதலில் எழுதுங்கள். சதவீதக் குறியோடோ அடைப்புக்குறிக்குள்ளோ வரும் மாறிகளை மாற்றக் கூடாது என்பதை மட்டும் பத்து நிமிடம் காட்டிவிடுங்கள், அதில் கை வைத்தால் செயலியே நின்றுவிடலாம். பத்துப் பேர், ஒரே செயலி, முடிந்தால் மாணவர்கள் தினமும் பயன்படுத்தும் செயலி. மாலையில் அதைத் தமிழில் திறந்து பார்த்து, எங்கே எழுத்து வெட்டுப்படுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள்.

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் நல்ல வழி. 2015 சென்னை வெள்ளத்தின்போது எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் அதன்மேல்தான் கட்டப்பட்டது. உங்கள் கல்லூரியைச் சுற்றிப் பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, குடிநீர்த் தொட்டி எதுவெல்லாம் வரைபடத்தில் இல்லை என்று நடந்து பார்த்துவிட்டு வந்து சேர்க்கலாம். அந்த இடம் தெரிந்தவர்கள் அவர்கள்தான், வெளியூர்க்காரர் யாராலும் அதைச் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம், இது பழைய ஆள் என்ற முறையில் சொல்வது. ஹேக்கத்தான் என்றாலே இப்போது பரிசுப்பணம், இரவு முழுக்க விழிப்பு என்று ஆகிவிட்டது. அந்தப் பெயரில் நடந்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று 1999 சூனில் கனடாவின் கால்கரியில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழு நடத்தியது. அமெரிக்காவின் மறையாக்க ஏற்றுமதிச் சட்டத்தில் சிக்காமல் இருக்க எல்லையைத் தாண்டி அங்கே கூடினார்கள். பத்துப் பேர்தான். டெபியன் லினக்ஸை உருவாக்குபவர்களும் அப்படித்தான் ஒரு வாரக்கடைசியில் கூடி வெளியீட்டுக்குத் தடையாக இருக்கும் வழுக்களைத் தீர்ப்பார்கள். நம் ஊருக்கும் இது புதிதில்லை: 2023 சனவரியில் விழுப்புரத்தில் டெபியன் மாநாடான மினி டெப்கான்ஃப் நடந்தது, உள்ளூர் லினக்ஸ் குழு முன்னின்று நடத்தியது. அந்தக் குழு பல ஆண்டுகளாக வாரந்தோறும் கூடுவதால்தான் அப்படியொரு நிகழ்ச்சியை அங்கே நடத்த முடிந்தது. உங்கள் சனிக்கிழமைக்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைக்க அனுமதி கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் தேர்வு வந்துவிட்டது என்பார்கள்.

மூன்றாமாண்டு_ஐடி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மன்றத்தில் பேசிவிட்டோம். முதல் சனிக்கிழமை 80 பேருக்கும் கணக்கு, சாவி, பயிற்சி ரெப்போ. அதற்கடுத்த சனிக்கிழமை, விருப்பமுள்ள 30 பேர் மட்டும் இரண்டிரண்டு பேராக வெளித்திட்டங்களில். பத்துப் பேர் தமிழாக்கத்தில். மாதத்தின் மீதி சனிக்கிழமைகளுக்கு ஆய்வகம் பிற்பகல் திறந்திருக்கும், துறைத் தலைவர் சம்மதித்துவிட்டார்.

இரண்டு சந்தேகம் பாக்கி. பராமரிப்பாளர்களுக்கு முன்பின் தெரியாத நான் எப்படி எழுதுவது? துறைத் தலைவரின் எண்ணுக்கு என்ன சொல்வது?

பைதான்_பராமரிப்பு:

உங்கள் திட்டம் நன்றாக இருக்கிறது. 30 பேர் என்றால் 15 பிஆர். மூன்று பராமரிப்பாளர்கள் இருந்தால் ஆளுக்கு ஐந்து. அன்றைக்கே பார்த்து முடித்துவிடலாம்.

எண்ணைப் பொறுத்தவரை அவருக்கு எண்ணையே கொடுங்கள், ஆனால் வேறு எண். அனுப்பியவை எத்தனை என்பதோடு ஏற்றுக்கொள்ளப்பட்டவை எத்தனை என்று எழுதுங்கள். டிசம்பர் கடைசியில் மறுபடி ஒருமுறை எண்ணி, இரண்டாவது பங்களிப்பு செய்தவர்கள் எத்தனை பேர் என்று சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பொது இணைப்பு உண்டு, யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம். அங்கீகாரக் குழுவுக்குக் குழுப்படத்தைவிட அது வலுவான சான்று. வழு அறிக்கைகளையும் நிறுவல் வழிகாட்டித் திருத்தங்களையும் விட்டுவிடாதீர்கள், அவையும் பங்களிப்புதான்.

பராமரிப்பாளருக்கு எழுதும்போது நீளமான அறிமுகம் வேண்டாம். திட்டத்தின் இஷ்யூ பகுதியில் திறந்து கேட்காதீர்கள், அது எல்லோருக்கும் அறிவிப்பாகப் போகும். கலந்துரையாடல் பகுதி இருந்தால் அங்கே, அல்லது அவர் கொடுத்திருக்கும் மின்னஞ்சலில். எனக்கு வந்தால் உடனே சரி சொல்லத் தோன்றும் கடிதம் இப்படி இருக்கும்:

"உங்கள் நூலகத்தை எங்கள் ஆய்வகத்தில் நிறுவிப் பார்த்தோம், சோதனைகள் எல்லாம் தேறின. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பத்து மாணவர்கள், ஐந்து இணைகளாக, இதில் வேலை செய்ய விரும்புகிறார்கள். கிட் அடிப்படை தெரிந்தவர்கள், பைதான் ஒரு பருவம் படித்தவர்கள். அன்று காலை 10 முதல் மாலை 4 வரை நீங்கள் காணொளி அழைப்பில் இருக்க முடியுமா? புதியவர்களுக்கு ஏற்ற ஐந்து இஷ்யூக்கள் வேண்டும். முதல் வரைவை நாங்களே எழுதி அனுப்புகிறோம், நீங்கள் திருத்தினால் போதும். ஐந்துக்கு மேல் பிஆர் வராது. இப்போது நேரமில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள், வேறு மாதத்தில் கேட்கிறோம்."

இதில் கடைசி மூன்று வாக்கியங்களை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். செப்டம்பர் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டிவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விடுங்கள். அந்த மூன்று பேரில் ஒருவராக நான் வருகிறேன். கோவைக்கு வெள்ளி இரவு ரயில் இருக்கிறது, தேதி உறுதியானதும் இங்கேயே சொல்லுங்கள், சீட்டு போட்டுவிடுகிறேன்.